ஃபெயித் ரிங்கோல்ட் ஏன் தூரிகையோடு ஊசியையும் எடுத்தார்?

கேள்வி இதுதான்: "டார் பீச்" என்ற குழந்தைகள் படப் புத்தகத்தை எழுதிய ஃபெயித் ரிங்கோல்ட் உண்மையில் யார்? ஓவியரா, எழுத்தாளரா, போர்வை தைப்பவரா, போராளியா? நல்ல ஓவியராக இருந்தவர் ஏன் துணிக்குப் போனார்?

நான்குமே அவர்தான். ஆனால் இவை தனித்தனி ஆசைகளால் வந்தவை அல்ல. ஒரு கதவு சாத்தப்படும்போதெல்லாம் கையில் இருக்கும் பொருளை மாற்றி அடுத்த வழியைப் பிடித்தவர் அவர். கேலரி கிடைக்காதபோது, படத்தைத் தூக்கிச் செல்ல ஆள் இல்லாதபோது, பதிப்பாளர் கிடைக்காதபோது என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் மிக நடைமுறையான காரணம் இருந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் அவருடைய அறுபது ஆண்டு வேலை எளிதாகப் புரியும்.

1930 அக்டோபர் 8 அன்று நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுந்த ஹார்லெம் பகுதியில் பிறந்தார். அப்பா ஆண்ட்ரூ ஜோன்ஸ் நகராட்சிக் குப்பை லாரி ஓட்டியவர். அம்மா வில்லி போசி தையல்காரர், பிறகு ஆடை வடிவமைப்பாளர். சிறுவயதில் ஆஸ்துமா, பல நாள் பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் படுத்திருந்த பெண்ணுக்கு அம்மா கொடுத்தவை கிரேயானும் துணித்துண்டுகளும். அம்மாவின் கொள்ளுப்பாட்டி வழியில் ஒரு சரடு உண்டு: சூசி ஷானன் என்ற அந்த மூதாட்டி அடிமையாக இருந்த காலத்தில் பண்ணை முதலாளிகளுக்குக் குயில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் அடுக்குப் போர்வை, தைத்தவர். தைக்கும் கை வீட்டுக்குள் நான்கைந்து தலைமுறையாக இருந்திருக்கிறது.

ஓவியம் படிக்க நியூயார்க் சிட்டி கல்லூரிக்குப் போனபோது, அந்தப் பிரிவு ஆண்களுக்கு மட்டும் என்றார்கள். ஆசிரியப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து, ஓவியத்தைப் பாடமாக எடுத்தார். 1955இல் பட்டம், 1959இல் முதுகலை. 1955 முதல் 1973 வரை நகரத்தின் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர். இடையில் ஜாஸ் பியானோ கலைஞர் ராபர்ட் வாலஸுடன் திருமணம், 1952ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலுமாக இரண்டு பெண் குழந்தைகள், பிரிவு. 1962இல் பர்டெட் ரிங்கோல்டை மணந்தார்; நமக்குத் தெரிந்த பெயர் அங்கிருந்து வந்தது. மூத்த மகள் மிஷேல் வாலஸ் பின்னாளில் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையில் பெரிய விவாதத்தைக் கிளப்பிய எழுத்தாளர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் வரைந்தவை இயற்கைக் காட்சிகளும் பூக்களும்தான். ஐரோப்பிய பாணியில் கற்றுக்கொடுக்கப்பட்டதை அப்படியே செய்தார். 57ஆம் தெருவில் ஒரு கேலரி உரிமையாளர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதை உன்னால் செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பினார். கணவரோடு அதைப் பேசிப் பார்த்தபோது ரிங்கோல்ட் எடுத்துக்கொண்ட பொருள் வேறு: இனப் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டத்தில் நாடே பற்றி எரியும் காலத்தில் கறுப்பினப் பெண் ஒருத்தி மரமும் பூவும் வரைந்துகொண்டிருப்பது பொருந்தவில்லை. 1963 கோடையில் "அமெரிக்க மக்கள்" என்ற வரிசையைத் தொடங்கி 1967க்குள் இருபது படங்களை முடித்தார்.

அதில் இருபதாவது படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெயர் "சாவு". இரண்டு கேன்வாஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 6 அடி உயரம், 12 அடி அகலம். பின்னணி முழுக்கச் சாம்பல் நிறக் கட்டங்கள், நடைபாதைக் கல் மாதிரி. முன்னால் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒருவரையொருவர் கொல்கிறார்கள், தப்பி ஓடுகிறார்கள், விழுகிறார்கள். எல்லோரும் அலுவலகத்துக்கோ விருந்துக்கோ போகிற நல்ல உடையில் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். கலவரம் என்றாலே ஏழைகளின் வேலை என்று நினைத்த பார்வையாளருக்கு அந்தக் கோட்டும் குட்டை கவுனும் பதில். நடுவில் தரையில் ஒரு கறுப்பினச் சிறுமியும் வெள்ளைச் சிறுவனும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒண்டியிருக்கிறார்கள். போரின் கொடுமையைக் காட்டும் பிகாசோவின் பெரிய ஓவியமான "குவெர்னிகா" அப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. அதை அவர் நன்றாகப் பார்த்துப் படித்திருந்தார் என்பது இந்த அமைப்பில் தெரியும். இவ்வளவு பெரிய படம் வரைய அவருக்கு இடம் எப்படிக் கிடைத்தது? ஸ்பெக்ட்ரம் கேலரி 1967 கோடையில் மூடியிருந்தது. அந்தக் கூடத்தையே பட்டறையாகப் பயன்படுத்த அதன் இயக்குநர் விட்டுக்கொடுத்தார். அங்கேயே அவ்வாண்டு இறுதியில் முதல் தனிக் கண்காட்சி.

அடுத்து வந்த "கறுப்பு ஒளி" வரிசை ஓவியம் பயில்பவர்களுக்கு நல்ல பாடம். ஒரு நிறத்தை வெளிறச் செய்ய வெள்ளை சேர்ப்பதுதான் வழக்கம். அவர் வெள்ளையைத் தட்டிலிருந்தே எடுத்துவிட்டார். பழுப்பும் கறுப்பும் கலந்து எல்லா நிறத்தையும் ஆழப்படுத்தி, அந்தக் குறுகிய அளவுக்குள்ளேயே முகங்களை வேறுபடுத்திக் காட்டினார். இப்படிச் செய்யும்போது பக்கத்துப் பக்கத்து நிறங்களின் வேறுபாடு மிக நுட்பமாகிவிடும். நேரில் கண் பழகப் பழக முகம் எழுந்து வரும். புகைப்படத்திலோ எல்லாம் ஒரே இருட்டாகப் போய்விடும். இந்த வரிசையைத் திரையில் மட்டும் பார்த்து மங்கல் என்று முடிவுகட்டுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

இதே ஆண்டுகளில் தெருப் போராட்டமும் நடந்தது. 1968இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1930களின் அமெரிக்கக் கலை என்று ஒரு கண்காட்சி வைத்து, அதில் ஒரு கறுப்பினக் கலைஞரைக்கூடச் சேர்க்கவில்லை; வாசலில் ஆர்ப்பாட்டம் செய்தவர்களில் இவரும் ஒருவர். அதே இடத்தின் 1969ஆம் ஆண்டுக் கண்காட்சியில் 143 கலைஞர்களில் பெண்கள் 8 பேர். 1970இல் கலை விமர்சகர் லூசி லிப்பார்ட் முதலியோருடன் சேர்ந்து, அடுத்ததில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பாதி கிடைக்கவில்லை, ஆனால் எண்ணிக்கை கூடியது. பெட்டி சார், பார்பரா சேஸ்-ரிபு என்ற இரு கறுப்பினப் பெண் சிற்பிகள் உள்ளே போனார்கள். கறுப்பினக் கலை இயக்கத்துக்குள் ஆண்களின் ஆதிக்கம், பெண்ணியக் கலை இயக்கத்துக்குள் வெள்ளைப் பெண்களின் ஆதிக்கம் என்று இரண்டு பக்கமும் இடம் குறைவாக இருந்ததால்தான், 1973இல் தேசியக் கறுப்பினப் பெண்ணிய அமைப்பு தோன்றியபோது அவரும் மகள் மிஷேலும் அதில் தொடக்கத்திலேயே இருந்தார்கள். 1970 நவம்பரில் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் அமெரிக்கக் கொடியை வைத்துச் செய்த படைப்புகளைக் காட்டிய கண்காட்சிக்காகத் தேசியக் கொடியை அவமதித்ததாகக் கைதான மூவரில் அவரும் ஒருவர். ஆளுக்கு 100 டாலர் அபராதம்.

இனி அவருடைய வாழ்க்கையில் மிகவும் கவனிக்க வேண்டியதாக எனக்குப் படும் வேலை. 3000 டாலர் மானியம் கிடைத்தபோது அவர் அதை அருங்காட்சியகத்துக்காகச் செலவிடவில்லை. நியூயார்க்கின் சிறைத் தீவான ரைக்கர்ஸில் இருந்த பெண்கள் சிறைக்கு ஒரு சுவரோவியம் தருவதாகச் சொன்னார். முதலில் கைதிகளிடம் போய் என்ன பார்க்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். இங்கிருந்து வெளியே போகிற நீண்ட பாதை வேண்டும் என்றாள் ஒருத்தி. அவர் சாலையை வரையவில்லை. 8 அடிக்கு 8 அடி பரப்பை, காங்கோவின் குபா மக்களின் துணி வடிவத்தைப் பின்பற்றி, எட்டு முக்கோணங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வேலையில் இருக்கும் பெண்கள்: பேருந்து ஓட்டுபவர், மருத்துவர், காவலர், கூடைப்பந்து ஆடுபவர், திருமணம் நடத்திவைக்கும் பாதிரியார், நாட்டின் அதிபர். மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுப்பவரும் அம்மாதான். படம் முழுக்க ஓர் ஆண்கூட இல்லை. முக்கோண அமைப்பால் உருவங்கள் வெவ்வேறு திசை பார்த்து நிற்கும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நேராக ஒருத்தி தெரிவாள். 1972 ஜனவரியில் மாட்டப்பட்டது.

1988இல் அந்தக் கட்டடம் ஆண்கள் சிறையாக மாறியபோது படத்தின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டார்கள். சிறைக் காவலர் ஒருவர் தலையிட்டதால் அது குப்பைக்குப் போகாமல் தப்பியது. பெயின்ட்டை நீக்கிச் சரிசெய்து, புதிய பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 2022இல் அதை புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு நெடுங்காலக் கடனாக மாற்ற முடிவானது. இது சுவரில் நேரடியாக வரையாமல் கேன்வாஸில் வரைந்து மாட்டியது. அதனால்தான் பிழைத்தது. சுவரிலேயே வரைந்திருந்தால் 1988இலேயே கதை முடிந்திருக்கும்.

இப்போது துணிக்கு வருவோம். 1972இல் ஆம்ஸ்டர்டாமின் ரிக்ஸ் அருங்காட்சியகத்தில் திபெத்திய தங்கா ஓவியங்களைப் பார்த்தார். துணியில் வரைந்து, சுற்றிலும் பட்டு ஓரம் தைத்து, மேலும் கீழும் கோல் வைத்துச் சுருட்டி எடுத்துப் போகிற ஓவியங்கள். அவருக்கு அதில் தன் சிக்கலின் விடை தெரிந்தது. மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்த 6 அடிப் படத்தை ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாது. லிஃப்டில் நுழையாது. வெளியூர்க் கல்லூரி ஒன்று கண்காட்சிக்குக் கேட்டால் மரப்பெட்டி, லாரி, காப்பீடு என்று செலவு படத்தின் விலையைத் தாண்டும். சட்டத்தைக் கழற்றிவிட்டால், பத்துப் பதினைந்து படங்களைச் சுருட்டி ஒரு பெட்டியில் அனுப்பிவிடலாம். ஊர் திரும்பியதும் வரைந்த படங்களுக்கு ஓரத்துணி தைத்துக் கொடுத்தவர் அம்மா வில்லி போசி. அடிமைப் பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிய 1972 வரிசையில் பெண்ணுருவங்களாக நிற்பது ரிங்கோல்டும் அவருடைய இரு மகள்களும். ஓரம் தைத்தது பாட்டி. மூன்று தலைமுறை ஒரே துணியில்.

1980இல் அம்மாவும் மகளும் சேர்ந்து முதல் குயில்ட்டைச் செய்தார்கள்: "ஹார்லெமின் எதிரொலிகள்", அதில் 30 முகங்கள். அடுத்த ஆண்டே அம்மா இறந்தார்.

கதை எழுதிய குயில்ட் பிறந்ததற்குக் காரணம் பதிப்பகங்கள். தன் வரலாற்றை எழுதி அனுப்பினார், யாரும் போடவில்லை. கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் மனத்தில் இருந்த கதை வேறு. சரி, ஓவியத்திலேயே எழுதிவிடுவோம் என்று 1983இல் தொடங்கினார். சுவரில் தொங்கும்போது ஆட்கள் படிப்பார்கள், கண்காட்சிக் கையேட்டில் படம் அச்சாகும்போது எழுத்தும் சேர்ந்தே அச்சாகும். பதிப்பாளரின் அனுமதி தேவையில்லை. முதல் கதை "ஆன்ட் ஜெமிமாவைக் கண்டு யாருக்குப் பயம்?" 90 அங்குலம் உயரம், 80 அங்குலம் அகலம். அப்பக் கலவைப் பொட்டலத்தின் மேல் பல பத்தாண்டுகள் சிரித்துக்கொண்டிருந்த, ஆன்ட் ஜெமிமா என்று பெயரிட்ட கறுப்பினச் சமையல்காரியின் முகத்தை எடுத்து, அவளைச் சொந்தமாக உணவகம் நடத்தும் தொழிலதிபராக்கினார். அந்த நிறுவனம் தன் பொருளிலிருந்து அந்தப் பெயரை நீக்குவதாக அறிவித்தது 2020இல்தான். தன்வரலாறு நூலாக வந்தது 1995இல்.

அந்தக் குயில்ட்டுகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று கேட்பவர்களுக்கு. சாதாரண குயில்ட்டில் மூன்று அடுக்கு: மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் ஓட்டுத் தையல்தான் அதைக் குயில்ட் ஆக்குகிறது. வெறும் ஒட்டுத்துணிப் போர்வைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தத் தையல். ரிங்கோல்டின் படைப்பில் நடுப்பகுதி சட்டம் போடாத கேன்வாஸில் அக்ரிலிக் வண்ணத்தால் வரைந்தது. அதைச் சுற்றி அச்சுத்துணியும் சாயத்துணியும் துண்டு சேர்த்து ஓரமாக வரும். கதை தனிப் பட்டைகளில் பேனாவால் கையெழுத்தாக எழுதப்பட்டு, மேலும் கீழும் அல்லது கட்டங்களுக்கு இடையே தைக்கப்படும். பட்டையைத் தனியாக வைப்பதில் ஒரு வசதி: எழுத்து பிசகினால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றலாம், ஓவியத்தைத் தொட வேண்டாம்.

இதே முறையில் செய்ய நினைப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. இவை துணிவேலைக்காரர்களின் பொது அனுபவம். கேன்வாஸின் மேல் ஜெஸ்ஸோவை (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) கனமாகப் பூசினால் சுருட்டும்போது வெடிக்கும். மெல்லிய பருத்திக் கேன்வாஸைத் துவைத்துச் சுருங்கவிட்டு, வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பல தடவை ஏற்றுவதே நல்லது. நான்கு பக்கமும் 2 அங்குலம் வண்ணமில்லாமல் விட வேண்டும், தையல் ஏற அந்த இடம்தான் வசதி. அக்ரிலிக் படிந்த பரப்பில் ஊசி போட்டால் துளை மூடாது. தப்பாகப் போட்டுப் பிரித்தால் வடு நிற்கும். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழையோட்டிக்கொண்டு போகாவிட்டால் நடுவில் உப்பிக்கொள்ளும். எழுதுவதற்குச் சாய மை வேண்டாம், வெளிச்சத்தில் மங்கிவிடும். நிறமி மைப் பேனா வாங்குங்கள். தொங்கவிட மேல் ஓரத்தின் பின்னால் 4 அங்குல அகலத்தில் துணிக்குழல் தைத்துக் கோலைச் செருகினால் எடை முழு அகலத்திலும் பரவும். நான்கு மூலையில் வளையம் மாட்டினால் மூலைகள் இழுபட்டுத் தொய்யும். சுருட்டும்போது வரைந்த பக்கம் வெளியே இருக்க வேண்டும், உள்ளே போனால் வண்ணப் படலம் நசுங்கி மடிப்பு விழும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஊர் வெயிலில் அக்ரிலிக் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முகத்தோடு முகம் வைத்து மடிக்கவே கூடாது.

"டார் பீச்" முதலில் புத்தகமாக வந்ததல்ல. 1988இல் "பாலத்தின் மேல் பெண்" என்ற ஐந்து குயில்ட் வரிசையில் முதலாவது அது. ஏறக்குறைய 74½ அங்குலத்துக்கு 68½ அங்குலம், இப்போது குகன்ஹெய்ம் அருங்காட்சியகத்தில். ஹார்லெமில் கோடைப் புழுக்கம் தாங்காத குடும்பங்கள் தார் பூசிய மொட்டைமாடியில் பாயும் சாப்பாடும் கொண்டுபோய் இரவைக் கழிப்பார்கள். அந்த மாடிதான் "டார் பீச்", அதாவது தார்க் கடற்கரை. பெரியவர்கள் மேசையில் சீட்டாட, எட்டு வயது காஸியும் தம்பியும் விரிப்பில் படுத்திருக்கிறார்கள். மேலே, அதே காஸி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் மேல் பறக்கிறாள். ஆண்டு 1939. அந்தப் பாலத்தைக் கட்டியவர்களில் அவள் அப்பாவும் ஒருவர். ஆனால் அவருடைய இனத்தால் தொழிற்சங்கத்தில் இடமில்லை. பறந்துபோய்ச் சங்கக் கட்டடத்தை அப்பாவுக்காக எடுத்துக்கொள்வேன் என்கிறாள் குழந்தை. பறத்தல் என்பது அடிமைக் காலத்திலிருந்து கறுப்பின மக்களின் வாய்மொழிக் கதைகளில் விடுதலையின் குறி. 1991இல் இதைப் புத்தகமாக்கும்போது குயில்ட்டைப் படமெடுத்து ஒட்டவில்லை. பக்கத்துக்குப் பக்கம் புதிதாக வரைந்தார். பக்கங்களின் கீழே ஓடும் துணி ஓரம் மட்டும் மூலக் குயில்ட்டிலிருந்து எடுத்தது. 1992இல் குழந்தைகள் படப் புத்தகங்களுக்கான கால்டெகாட் சிறப்புத் தகுதியும், ஓவியத்துக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருதும் கிடைத்தன.

1991இல் தொடங்கிய "பிரெஞ்சுத் தொகுப்பு" பன்னிரண்டு குயில்ட்டுகள். பாரிசுக்குப் போய் ஓவியராகும் வில்லியா மேரி சிமோன் என்ற கற்பனைப் பெண்ணின் கதை. வில்லியா என்ற பெயரில் அம்மா வில்லி இருக்கிறார். ஆர்ல் ஊரின் சூரியகாந்தி வயலில் சோஜர்னர் ட்ரூத், ஹாரியட் டப்மன், ஐடா வெல்ஸ், ரோசா பார்க்ஸ் முதலான, கறுப்பின வரலாற்றில் பெயர்பெற்ற எட்டுப் பெண்கள் உட்கார்ந்து குயில்ட் தைக்க, வான்கோ பூவோடு ஓரமாக நிற்கும் படம் இதில்தான்.

கலைஞர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டிய சட்டச் சங்கதி ஒன்றும் உண்டு. அவருடைய "தேவாலய உல்லாசப் பயணம்" குயில்ட்டின் சுவரொட்டி ஒன்று, அனுமதி இல்லாமல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் காட்சியில் சுவரில் தொங்கியது. ஒன்பது முறை தெரிந்தது. மிக நீண்டது 4.16 வினாடி, எல்லாம் சேர்த்து 26.75 வினாடி. ரிங்கோல்ட் வழக்குத் தொடர்ந்தார், கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது: படம் அடையாளம் தெரிகிற அளவுக்குத் தெரிகிறது, படைப்பு எதற்காக விற்கப்படுகிறதோ அதே அலங்காரத்துக்காகவே பயன்பட்டிருக்கிறது, ஆகவே அற்பம் என்று ஒதுக்க முடியாது என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. சுவரொட்டியை விலைகொடுத்து வாங்கியவருக்குக் காகிதம்தான் சொந்தம், ஒளிபரப்பும் உரிமை இல்லை. அமெரிக்காவில் படப்பிடிப்புத் தளத்தில் ஓர் ஓவியம் மாட்டுவதற்கு முன் உரிமை கேட்கிறார்கள் என்றால் இந்தத் தீர்ப்புக்கு அதில் பங்குண்டு.

விலையும் அங்கீகாரமும் தாமதமாகவே வந்தன. சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2002 வரை பேராசிரியராக இருந்தார். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவுக்காக 1989இல் செய்த குயில்ட் 2015 ஏலத்தில் 4,61,000 டாலருக்குப் போனது. "சாவு" படத்தை நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் வாங்கி, 2019இல் பிகாசோவின் "அவினியோன் பெண்கள்" இருக்கும் அறையிலேயே மாட்டியது. அறுபதுகளின் முடிவில் கறுப்பினக் கலைஞர்களுக்கு இடம் கேட்டு அவர் போராடிய அதே நிறுவனம். 2024 ஏப்ரல் 13 அன்று நியூஜெர்சியின் எங்கிள்வுட் வீட்டில், 93 வயதில் இறந்தார்.

படிக்கத் தொடங்குபவர்கள் "டார் பீச்" புத்தகத்தை வாங்கி, பக்கத்தில் குகன்ஹெய்ம் தளத்தில் மூலக் குயில்ட்டின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இரண்டிலும் உள்ள எழுத்தை ஒப்பிட்டுப் படியுங்கள். அடுத்து "நாங்கள் பாலத்தின் மேல் பறந்தோம்" என்ற தன்வரலாறு. நியூயார்க் போகிறவர்கள் அருங்காட்சியகச் சீட்டு வாங்கும் முன் 2, 3 எண் ரயில்களில் 125ஆம் தெரு நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். 1996இல் பதித்த கண்ணாடிச் சில்லு ஓவியத்தில் ஹார்லெமின் பாடகர்களும் எழுத்தாளர்களும் விளையாட்டு வீரர்களும் தங்கள் தெருக்களின் மேல் பறந்துகொண்டிருப்பார்கள்.